கறுப்பிக்குக் கழுத்துப் பிடிப்பு

மசாஜ்காரம்மா கழுத்தில் கைவைத்த கொஞ்ச நேரத்திலேயே கறுப்பி கொட்டாவி விட்டது. தீவன அறையின் பலகைச் சுவரில் இருந்த ஓட்டை வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த லாய மேலாளருக்குச் சுருக்கென்றது.

பட்டப்பகலில், நின்ற நிலையில், ஒரு குதிரை கொட்டாவி விடுமா? அதுவும் அடுக்கடுக்காக! கீழுதடு தொங்கிவிட்டது. கண் பாதி செருகிவிட்டது. 'மயக்க மருந்துதான்' என்று முடிவு கட்டினார்.

முடிவு கட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. அந்தக் குதிரையேற்றப் பள்ளியின் வேலைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. வைக்கோல் கட்டு ஒன்று குறைந்தால் லாரிக்காரரில் ஆரம்பித்து லாரிக்காரரின் மைத்துனர் வரை சந்தேகப்படுவார். கட்டு அவருடைய மேசைக்குப் பின்னாலேயே கிடைத்துவிட்டால், அதை அங்கே கொண்டுவந்து வைத்தது யார் என்று அடுத்த விசாரணை தொடங்கும்.

உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் கறுப்பி. அது பிறந்தபோது ஈரம் துடைத்து நிறுத்தியது அவர் கைதான். அந்தக் கறுப்பியைத்தான் இப்போது விற்கப் போகிறார்கள்.

எல்லாம் இந்த அம்மா வந்த பிறகு வந்த வினை. புதுச் சேணம் ஒத்துக்கொள்ளாமல் கறுப்பிக்கு முதுகு வலி வந்தது. குதிரைகளுக்கு மசாஜ் செய்வதற்கென்றே படித்தவர் என்று முதலாளி இவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றே மேலாளரின் கண் இந்த ஓட்டைக்கு வந்துவிட்டது. முதுகு சரியாகிவிட்டது. ஆனால் அதே வாரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. இடது பக்கம் சுலபமாகத் திரும்புகிற கழுத்து, வலது பக்கம் கட்டை மாதிரி நின்றது. மைதானத்தில் வலது வளைவு வந்தாலே கறுப்பி தடுமாறியது.

"வளையாத குதிரையை வெச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?" என்றார் முதலாளி. "மாசக் கடைசியில ஒருத்தர் பாக்க வர்றாரு. அதுக்குள்ள சரியாச்சுன்னா இருக்கட்டும். இல்லைன்னா குடுத்துடலாம்."

மேலாளர் தீவன அறையிலிருந்து வெளியே வந்து, தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் போல லாயத்துக்குள் நுழைந்தார்.

"எண்ணெய் எங்கம்மா?"

"எண்ணெயா? ரோமமெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும் சார். கை மட்டும்தான்."

"வெறும் கை?"

"வெறும் கை."

அந்தக் கைகளை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். தன் கண் முன்னாலேயே சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். அந்த அம்மா கழுவினார். கழுவிய கையை வைத்ததும் கறுப்பி முன்னைவிடப் பெரிய கொட்டாவியாக விட்டது.

"கொட்டாவி வந்தா நல்லதுதான் சார். உடம்பு இறுக்கத்தை விடுதுன்னு அர்த்தம்."

"நான் பேசினா என் வீட்டுக்காரிகூடத்தான் கொட்டாவி விடுறா. அவளுக்கு இறுக்கம் விடுதுன்னா அர்த்தம்?"

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவர்களை அவர் நம்புவதில்லை. பதில் சொல்பவர்களையும் நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

கணக்கு அவருக்குத் தெளிவாக விளங்கியது. நோயைச் சரிசெய்துவிட்டால் வேலை போய்விடும். அதனால் முதுகைச் சரிசெய்துவிட்டுக் கழுத்தைக் கெடுத்திருக்கிறார். வாங்க வருகிறவரும் கூட்டாளியாக இருக்கலாம். மாட்டிக்கொள்ளாமல் எத்தனை நாள் ஓடும், பார்த்துவிடலாம்!

அன்றிலிருந்து காவல் பலத்தது. அந்த அம்மா வராத நாட்களிலும் அவருடைய ஆள் யாராவது வரலாமே! மேலாளர் தன் மேசையையும் நாற்காலியையும் தீவன அறைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். தவிட்டுத் தூசியில் மூக்கு அரித்தது. தும்மலை அடக்கினால் காது அடைத்தது. அடக்க முடியாமல் ஒருநாள் தும்மிவிட்டார். கறுப்பி காதை விறைத்துக்கொண்டு ஓட்டைப் பக்கம் திரும்பி ஒரு கனைப்புக் கனைத்தது.

"சும்மா இரு, சனியனே! காட்டிக் குடுத்துடாத" என்று கிசுகிசுத்து, ஒரு கேரட் துண்டை ஓட்டை வழியாக நீட்டினார். கறுப்பி உதட்டாலேயே அதை வாங்கி மென்றது. கனைப்பு நின்றது. அப்புறம் அவர் சட்டைப் பையில் கேரட் இல்லாத நாளே இல்லை.

அடுத்த முறை மசாஜ்காரம்மா வந்தபோது கழுத்தைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"போன தடவையை விட மோசமா இருக்கு. இனி வாரத்துக்கு ரெண்டு தடவை வந்தாத்தான் சரிப்படும்."

"வருவீங்க, வருவீங்க" என்றார் மேலாளர். "நாலு தடவைகூட வருவீங்க."

மாலையில் வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு தலைவலி. மனைவி சமையலறையில் நின்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, உங்க குதிரைக்கு மசாஜ் பண்றாங்களே, அந்தம்மாகிட்ட எனக்கும் ஒரு தடவை பாக்கச் சொல்லக் கூடாதா? கழுத்தைத் திருப்பவே முடியலை."

மேலாளர் தன் நாற்காலியிலிருந்தே அவளைக் கூர்ந்து பார்த்தார். கூடத்தின் மூலையில், சமையலறை முழுவதும் தெரிகிற இடத்தில் அந்த நாற்காலி எப்போதும் கிடக்கும். அவள் யாரோடு போனில் பேசுகிறாள், பாலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறாள் எல்லாம் அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

"அந்தம்மாவை உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே வீட்டுக்கு வந்ததும் வராததுமா அவங்களைத் திட்டிக்கிட்டே இருக்கீங்க!"

"அவ கைபட்டா கழுத்து பிடிச்சுக்கும். உனக்குத்தான் ஏற்கெனவே பிடிச்சிருக்கே. அவ எதுக்கு?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மறுநாள் மேலாளர் துணிந்து ஒரு காரியம் செய்தார். இனி யாரும் கறுப்பியின் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். மசாஜ்காரம்மாவைப் போனில் கூப்பிட்டு வர வேண்டாம் என்றார். தண்ணீர் வைப்பது, சாணி அள்ளுவது, தேய்த்துவிடுவது எல்லாவற்றையும் விடியலில் தானே முடித்துவிட்டு, பொழுது முழுவதும் ஓட்டையில் கண்ணை வைத்து உட்கார்ந்தார். ஓர் ஈ உள்ளே போனாலும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தார்.

யாரும் தொடாமலே கறுப்பியின் கழுத்து இன்னும் இறுகியது. இப்போது வலது பக்கம் நான்கு விரல்கூடத் திரும்பவில்லை.

மேலாளர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஆளில்லை, மருந்தில்லை, கையில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? ஓட்டைக்கு அந்தப் பக்கம், பெரிய கறுப்புக் கண் ஒன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீயுமா?" என்றார். "வேலை செய்யச் சோம்பலா, நடிக்கிறியா? உன்னை விலை பேசப் போறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

கறுப்பி கேரட்டுக்காக உதட்டை நீட்டியது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே ஒரு துண்டைக் கொடுத்தார்.

மாசக் கடைசி வந்தது. வாங்க வந்தவர் முதலாளியோடு லாயத்துக்குள் வந்தார். முதலாளி மசாஜ்காரம்மாவையும் வரவழைத்திருந்தார். கூட்டாளிகள் இருவரும் ஒரே இடத்தில்! கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மேலாளர் ஓட்டைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கழுத்தை வலது பக்கம் திருப்புங்க, பாக்கலாம்" என்றார் வாங்க வந்தவர்.

மசாஜ்காரம்மா கையில் புல்லை வைத்து வலது பக்கம் ஆசை காட்டினார். கறுப்பி புல்லைப் பார்க்கவே இல்லை. இடது பக்கமே திரும்பி, பலகையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"மாடியில கட்டி வெச்ச திருஷ்டிப் பொம்மை மாதிரி இருக்கே" என்றார் வாங்க வந்தவர். "பாதி விலைக்கு வேணா எடுத்துக்கறேன்."

"சரி, எடுத்துக்கோங்க. மேலாளர் எங்கேய்யா போனாரு?" என்று முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார்.

அந்த நேரத்தில், மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவோடு மேலாளரின் மனைவி லாய வாசலில் வந்து நின்றாள். குதிரையைப் பார்த்தாள். குதிரை பார்க்கிற பலகையைப் பார்த்தாள்.

"என்னங்க, வெளிய வாங்க" என்றாள் பலகையிடம்.

பலகை பேசவில்லை. ஆனால் தும்மியது.

தலையில் தவிட்டோடு மேலாளர் வெளியே வந்தார். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

"இப்போ அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்று மனைவி கறுப்பியின் வலது பக்கத்தைக் காட்டினாள்.

அவர் தட்டுத் தடுமாறிச் சுற்றிக்கொண்டு போய் நின்றார். கறுப்பியின் காது முதலில் திரும்பியது. பிறகு கண். பிறகு கழுத்து, வலியோடு, விரல் விரலாகத் திரும்பி, கடைசியில் மூக்கு அவருடைய சட்டைப் பைக்குள்ளேயே போய்விட்டது. கேரட் துண்டுகள் சிதறி விழுந்தன.

"குதிரை விற்பனைக்கு இல்லை" என்றார் முதலாளி. "அந்த ஓட்டையை முதல்ல அடைங்கய்யா!"

மேலாளர் கறுப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். மசாஜ்காரம்மா அவர் மனைவியிடம் வந்தார்.

"நான் இத்தனை நாளா தலையைப் பிச்சுக்கிட்டேன். நீங்க பாத்ததும் எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

அவள் தன் கழுத்தின் இடது பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க வீட்லயும் இவர் நாற்காலி இந்தப் பக்கம்தாங்க கிடக்கு."