துண்டுக்குள் முடிந்த விலை

எனக்குத் தேதிகள் தவறியதில்லை. மற்றவை எல்லாம் தவறியிருக்கின்றன.

பன்னிரண்டு வயதில், 1959-இல், நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்த நாள், திருச்சுழி பஸ் பாலத்தில் மாட்டிக்கொண்டு நாங்கள் நடந்தே வீடு வந்த நாள், எதைக் கேட்டாலும் கிழமையோடு சொல்வேன். (யாரும் கேட்பதில்லை. அது வேறு விஷயம்.) இப்படி எல்லாவற்றையும் குறித்து வைப்பவன் உலகத்தையே அறிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது இயல்பு. அந்த நினைப்பு என்னை விட்டுப் போன நாளும் என்னிடம் இருக்கிறது: 25-6-1972, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி.

அப்போது நான் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளி வாத்தியார். வயது இருபத்தைந்து. என் அக்கா ராமலட்சுமியை எட்டு மைல் தள்ளி ஒரு கரிசல் காட்டு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அந்த ஊருக்குப் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் மாட்டு வண்டிதான். அக்காவின் முதல் பிள்ளை அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மாட்டு வண்டியில், ஒரு கருவேல மரத்தடியில் பிறந்தான். வண்டியோட்டி திரும்பிப் பார்க்காமலே, "ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டாராம். அக்கா அந்தக் கேள்வியை மன்னிக்கவே இல்லை.

இரண்டாவது உண்டானதும் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: "இந்தப் புள்ளைக்கு நான் கார்லதான் போவேன்."

அந்த வருஷம் மிளகாய் நன்றாகக் காய்த்து, விலையும் நின்றது. எங்கள் சீமையில் இவை இரண்டும் ஒரே வருஷத்தில் நடப்பது அபூர்வம். மச்சான் குருசாமியின் கையில் ஐயாயிரம் ரூபாய் நின்றது. ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு விடுவது, அக்காவுக்கு ஏழு மாதம் ஆகியிருந்ததால் முதல் சவாரியாக அவளையே ஏற்றிப் போவது என்று மச்சான் தீர்மானித்தார். அதற்கு மேல் ஒரு ரூபாய் அவரிடம் கிடையாது. இந்த வண்டி தவறினால் அடுத்த நல்ல மிளகாய் எப்போது காய்க்கும் என்று யாருக்கும் தெரியாது.

அருப்புக்கோட்டையில் சங்கரலிங்கம் என்று ஒரு கார் வியாபாரி. அவருடைய கொட்டகையில் மூன்று கார்கள் நிற்கும். அவற்றில் இரண்டு, சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நிற்பவை. மூன்றாவது ஓடும். கறுப்பு நிறம், பெரிய முகம், காரியாபட்டியில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. விலை ஐயாயிரத்து ஐநூறு என்றார்.

"மாப்ளே, நீ கூட வா. ஆர்.சி. புக்க மட்டும் படிச்சுச் சொல்லு. போதும்" என்றார் மச்சான்.

"போதும்" என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கட்டுரை படித்திருந்தேன். கார் வாங்கப் போகிறவன் வியாபாரி கேட்கும் விலையைப் பார்க்கக் கூடாது. வியாபாரி அந்தக் காரை என்ன விலைக்கு வாங்கினான் என்பதை முதலில் கணித்துவிட வேண்டும். அதன் மேல் கொஞ்சம் லாபம் வைத்துக் கேட்க வேண்டும். எவ்வளவு எளிது! கட்டுரை எழுதியவர் அருப்புக்கோட்டைக்கு வந்ததில்லை என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காரியாபட்டிக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் விலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. "வித்தாச்சு தம்பி, உடம்புக்கு என்ன?" என்று நாக்கை நீட்டச் சொன்னார். ஆனால் அவருடைய கம்பவுண்டர் பேச்சுப் பிரியர். கார் விற்ற பணத்தில் டாக்டர் என்னென்ன வாங்கினார் என்று ஒன்று விடாமல் சொன்னார். கிணற்றுக்குப் பம்புசெட், வீட்டுக்கு ரேடியோ, மகளுக்கு மூன்று பவுனில் சங்கிலி. காரை இத்தனை வருஷம் துடைத்ததற்காகக் கம்பவுண்டருக்கு நூறு ரூபாய்.

"அம்புட்டுதான். அதுக்கு மேல ஒத்தப் பைசா மிஞ்சல. அய்யாவே சொன்னாக."

பம்புசெட் கடைக்குப் போய் விலை விசாரித்தேன். ரேடியோக் கடைக்குப் போனேன். அந்த வாரத்துப் பவுன் விலையைப் பழைய செய்தித்தாளில் தேடி எடுத்தேன். எல்லாம் கூட்டினால் மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். ஆக, சங்கரலிங்கம் கொடுத்தது மூவாயிரத்து எண்ணூறு. நாம் நாலாயிரத்து இருநூறுக்கு மேல் ஒரு காசு தரக் கூடாது. இதையெல்லாம் எட்டுப் பக்கத்தில், சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதி, "வண்டியின் வரலாறு" என்று தலைப்பும் போட்டு வைத்தேன். மச்சானிடம் காட்டவில்லை. சரியான நேரத்தில் எடுத்து வீசுவதற்காக வைத்திருந்தேன். (இருபத்தைந்து வயதில் எல்லோருக்கும் எடுத்து வீச ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.)

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். மச்சான் கையில் ஒரு பை. அதில் காருக்கு ஒரு மாலை, ஒரு தேங்காய், நாலு சக்கரத்துக்கும் வைக்க நாலு எலுமிச்சம்பழம். கொட்டகையில் சங்கரலிங்கமும், அவருடைய மனைவியின் தம்பி பாலுவும் இருந்தார்கள். இருவரும் பாதிப் பாதி பணம் போட்டு வியாபாரம் செய்பவர்கள். பேசி முடிக்கத் தரகர் வெள்ளைச்சாமி வந்திருந்தார்.

வெள்ளைச்சாமி அடிப்படையில் மாட்டுத் தரகர். கார் வியாபாரம் பெருகியதும் இதற்கும் வந்துவிட்டார். பழக்கம் மட்டும் மாறவில்லை. காரை முன்னால் நின்று பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், பக்கவாட்டில் தட்டிக் கொடுத்தார், பானெட்டைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல் எட்டிப் பார்த்தார். "நல்ல சாது" என்றார்.

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போர்த்திக்கொண்டு மச்சானிடம் நீட்டினார். மச்சான் துண்டுக்குள் கையை விட்டார்.

மாட்டுச் சந்தையில் இதைப் பார்த்திருப்பீர்கள். விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் சொல்வது. எத்தனை விரலோ அத்தனை நூறு; ஐந்துக்கு மேல் போனால் விட்டு மறுபடி பிடிப்பது. ஆயிரம் எத்தனை என்பது இருவருக்குமே தெரியும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் கூடாது. எனக்கு இது சுத்த மூடத்தனமாகப் பட்டது. மனிதன் நிலாவுக்குப் போய் வந்து மூன்று வருஷம் ஆகப் போகிறது, இங்கே துண்டுக்குள் விரலைத் தடவிக்கொண்டிருக்கிறார்களே!

வெள்ளைச்சாமி துண்டோடு சங்கரலிங்கத்திடம் போனார். திரும்பி மச்சானிடம் வந்தார். மறுபடி அங்கே. மறுபடி இங்கே. மூன்றாவது தடவை மச்சானின் முகம் மலர்ந்தது. சங்கரலிங்கம் தாடையைச் சொறிந்தபடி தலையை ஆட்டினார். ஏமாறுகிறவன் முகம் மலர்வதுதான் ஏமாற்றின் உச்சம் என்று எனக்குத் தோன்றியது. எட்டுப் பக்கத்தையும் உருவினேன்.

"மச்சான், கையை எடுங்க!" என்றேன். "இந்த வண்டியை இவர் காரியாபட்டியில் வாங்கின விலை மூவாயிரத்து எண்ணூறு!"

கொட்டகை அமைதியானது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த தறிச் சத்தம்கூட நின்றுவிட்டது போல எனக்கு ஞாபகம். (நிற்கவில்லை. அது அந்த ஊரில் நிற்காது.)

முதலில் பேசியது பாலுதான்.

"அத்தான், வாத்தியாரு சொல்றது எந்த ஊருக் கணக்கு?"

"அவரு கெடக்காரு. நீ போய் எல்லாருக்கும் டீ சொல்லு."

"டீ இருக்கட்டும். நாலாயிரத்து ஐநூறுக்கு வாங்குனதா எங்க அக்கா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனீகளே?"

"இப்ப எதுக்குடா உங்க அக்காவ இழுக்க?"

இந்த இடத்தில் நான் ஐந்தாம் பக்கத்தைத் திறந்து, பம்புசெட், ரேடியோ, சங்கிலி என்று உரக்கப் படித்தேன். உதவி செய்யும் எண்ணம்தான். என்னைப் போலவே அக்காள் புருஷனோடு வந்து நிற்கும் ஒருவனுக்கு ஆதாரம் கொடுக்க வேண்டாமா? பாலு மூன்று பவுன் சங்கிலி வரைக்கும் பொறுமையாகக் கேட்டான். பிறகு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான்.

"எழுநூறு ரூவாய முழுங்கிட்டு எனக்கு டீ வாங்கித் தாரீகளா? வண்டி இனி என்னுது. மிச்சத்த அக்கா முன்னால வச்சுப் பேசிக்குவோம்."

கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. கோபமாகப் போகிறவனுக்கு அருப்புக்கோட்டைத் தெரு தோதானதல்ல. அந்தக் காலை நேரத்தில் நெசவாளர்கள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். கார் முப்பது அடி போய் நின்றுவிட்டது. பாலு ஹாரன் அடித்தான். பாவில் கை வைத்திருந்தவர்கள் முதலில் தங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கிலும், புரியாமல் போய்விடுமோ என்று பிறகு தமிழிலும் திட்டினார்கள். அதற்குள் சங்கரலிங்கம் ஓடிப் போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். அத்தான் மச்சினன் சண்டை கால் மணி நேரம் ஜன்னல் வழியாக நடந்தது. நெசவாளர்கள் கஞ்சி தடவிக்கொண்டே கேட்டார்கள். அன்றைக்கு அந்தப் பாவு காய வழக்கத்தை விட அதிக நேரம் ஆயிற்று. ஒருவழியாக நூலை எடுத்ததும் கார் போயே போய்விட்டது.

சங்கரலிங்கம் வியர்வையோடு திரும்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மச்சானிடம், "அண்ணாச்சி, உங்க மேல எனக்கு வருத்தமில்ல. ஆனா லச்ச ரூவா குடுத்தாலும் இனி உங்களோட யாவாரம் கிடையாது" என்றார்.

வெள்ளைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நானும் எத்தனையோ மாடு பேசியிருக்கேன். மொரட்டு மாடெல்லாம் பேசியிருக்கேன்" என்று சொல்லி, என்னை ஒரு முறை முன்னாலும் ஒரு முறை பின்னாலும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் மச்சான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலை பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது.

"மச்சான், என் கணக்குல ஏதாச்சும் தப்பா?" என்றேன்.

"ஒரு தப்பும் இல்ல மாப்ளே."

"பின்னே?"

"நாலாயிரத்து எண்ணூறுக்கு முடிஞ்சிருச்சு. நீ 'கையை எடுங்க'ன்னு சொல்லும்போது சங்கரலிங்கம் ஒத்துக்கிட்ட வெரலத்தான் தரகர் என் கையில அமுக்குனாரு. மிச்சம் எரநூறு ரூவாயில பெட்ரோல் போட்டு வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன்."

கையில் இருந்த எட்டுப் பக்கத்தையும் மடித்து, மேலும் மடித்து, முடிந்த வரை சிறியதாக்கினேன்.

வீட்டு வாசலில் அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். சுற்றிலும் பாதி ஊர்.

"வண்டி எங்க?"

மச்சான் என்னைச் சுட்டிக் காட்டினார்.

அக்கா சொன்னதை எல்லாம் எழுத முடியாது. கடைசி வரி மட்டும்: "எல்லாத் தேதியும் தெரிஞ்ச ஒனக்கு வாயை மூடுற நேரம் மட்டும் தெரியல!" நாலு எலுமிச்சம்பழங்களும் ஊறுகாய்ப் பானைக்குப் போயின.

அதற்குச் சரியாக ஒன்பது வாரம் கழித்து, 27-8-1972, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. நான் அக்கா வீட்டில் இருந்தேன். (மன்னிக்கவில்லை. சோறு மட்டும் போட்டாள்.) காலை பஸ் போய் ஒரு மணி நேரம் கழித்து அவளுக்கு வலி கண்டது. மச்சான் மாட்டை அவிழ்க்கப் போனார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். நான் சைக்கிளை எடுத்தேன்.

திருச்சுழி பஸ் நிற்கும் இடத்தில் அன்று வாடகைக்கு ஒரே ஒரு கார் நின்றது. கறுப்பு நிறம், பெரிய முகம். அதன் மேல் சாய்ந்துகொண்டு பாலு கடலை தின்றுகொண்டிருந்தான்.

எனக்கு மூச்சு வாங்கியது. "பிரசவம்... அக்காவுக்கு... அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு... எவ்வளவு?" என்றேன்.

பாலு என்னை அடையாளம் கண்டுகொண்டான். கடலைத் தோலை ஊதிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் போர்த்தி, என் முன்னால் நீட்டினான்.

நான் உள்ளே கையை விட்டேன். அவன் என் விரல்களில் சிலவற்றைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரி" என்றேன். வாழ்நாளில் ஆதாரம் கேட்காமல் நான் சொன்ன முதல் "சரி" அது.

அக்காவைப் பின் சீட்டில் ஏற்றி, நானும் மச்சானும் கூடவே ஏறிக்கொண்டோம். பாதி வழியில் பள்ளத்தில் கார் குலுங்கியபோது நான் மெதுவாக, "ஏன் பாலு, கடைசியில் உங்க அத்தான்கிட்ட இந்த வண்டியை என்ன விலைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஏலே!" என்று பின்னாலிருந்து அக்கா அலறினாள். "இன்னும் ஒரு வார்த்த பேசுன, இங்கனயே எறங்கி நடந்துருவேன்!"

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரியில், கட்டிலில், கூரைக்குக் கீழே மருமகள் பிறந்தாள்.

பாலு வாசலில் காத்திருந்தான். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். மறுபடியும் துண்டை விரித்தான். இந்த முறை மச்சான் முந்திக்கொண்டு கையை விட்டார். ஒரு கணம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மச்சான் சிரித்தார். பாலுவும் சிரித்தான். மச்சான் எனக்கு முதுகைக் காட்டி நின்று எதையோ கொடுத்தார், அல்லது கொடுக்கவில்லை.

"எவ்வளவு மச்சான்?"

"அது துண்டுக்குள்ள பேசுனது மாப்ளே."

என் நாட்குறிப்பில் அந்தத் தேதியின் பக்கத்தில் மழை இல்லை என்பது இருக்கிறது, குழந்தையின் எடை இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் மெதுவாக ஓடியதுகூட இருக்கிறது. "கார் வாடகை" என்று எழுதிய வரிக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை. மச்சானிடம் ஆண்டுக்கு ஒரு தடவையாவது கேட்டுப் பார்ப்பேன். அவர் துண்டைத் தேடுவார்.

எங்கள் வீட்டில் சேலை, ஆடு, மனை எது வாங்கினாலும் நான் உள்ளே நுழைந்ததும் யாராவது ஒருவர், "துண்ட எடுங்கப்பா, வாத்தியாரு வந்துட்டாரு" என்று சொல்வது இன்று வரை வழக்கம்.

அந்த மருமகள் போன வருஷம் சொந்தமாக ஒரு கார் வாங்கி, காட்டுவதற்கு என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். சுற்றிப் பார்த்தேன். நல்ல சாது. என் வாய் தானாகத் திறந்தது.

"ஏம்மா, இது என்ன..."

அவள் தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்துக் கையில் போர்த்திக்கொண்டு நீட்டினாள்.

உள்ளே கையை விட்டேன். மூன்று விரலோ நாலு விரலோ பிடித்தாள். எனக்கு அந்தக் கணக்கு இன்னும் தெரியாது.

"நல்ல விலை" என்றேன்.