அரை மில்லிமீட்டர் சிலிக்கன்

இருபத்தொன்பது வயதில் யோயோ விளையாடுகிற ஆண், அதற்கான காரணத்தை வாழ்நாள் முழுவதும் யாருக்காவது விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நான் விளக்கி விளக்கிக் களைத்துப் போனவன். மஹய்யாவவில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அந்த வத்தேகம கதையைக் கேட்டுவிடுகிறார்கள். இனிக் கேட்டால் இந்தக் கடதாசியை நீட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது கண்டி டவுனில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் எனக்கு வேலை. அடுத்த மேசையில் சுதா. எங்களுக்குள் பேசி முடித்து, இரண்டு வீட்டிலும் சொல்லி, பெண் பார்க்கும் நாளும் குறித்தாகிவிட்டது. அவளுடைய அப்பா ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஏற்கனவே ரெண்டு பேர வேணாம்னு அனுப்பிட்டாரு. கொழும்புல ஒருத்தன் ரெடியா இருக்கான். நீங்க சொதப்பினீங்கன்னா அவனுக்குச் சரின்னு சொல்லிருவாரு" என்று சுதா எச்சரித்திருந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவரு யோயோ நல்லா விடுவாருப்பா" என்றும் அப்பாவிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். (என்னைப் பற்றிச் சொல்ல வேறு நல்ல விஷயமே இல்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. பதிலை நினைத்தால் பயம்.)

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம். பொறுத்துக்கொள்ளுங்கள். யோயோவின் இரண்டு பாதிகளிலும் உட்புறமாக, பேரிங்கைச் சுற்றி, ஒரு மெல்லிய சிலிக்கன் வளையம் இருக்கும். ரெஸ்பான்ஸ் பேட் என்பார்கள். நூலைப் பிடிப்பது அதுதான். அது மெலிந்திருந்தால் நூல் வழுக்கும். யோயோ கீழேயே நின்று நிமிடக்கணக்கில் சுழலும், நாமாக நூலை மடித்துக் கொடுத்தால்தான் மேலே வரும். தடித்திருந்தால் நூலைக் கப்பென்று கவ்விக்கொண்டு உடனே திரும்பும். என்னுடையது மெலிந்த ரகம். என் வித்தையெல்லாம் அதில்தான் இருந்தது.

பெண் பார்க்கப் போவதற்கு முதல்நாள் அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"என்னடா இது, கீழ போனது அப்பிடியே நிக்குது? பொண்ணு பாக்கப் போற எடத்துல இதையா காட்டப் போற? போனது கைக்குத் திரும்பி வரணும். இல்லாட்டிச் சகுனம் சரியில்ல."

"அம்மா, இது அப்பிடித்தான்..."

"வாய மூடு. வரணும்னா வரணும்."

சகுனத்துக்காக ரெஸ்பான்ஸ் பேட்டை மாற்றிய ஒரே மனிதன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த நண்பன் ரிஸ்வானிடம் ஒரு சிலிக்கன் டியூப் வாங்கினேன்.

"மச்சான், இது பாத்ரூம்ல இடுக்கு அடைக்கிற சாமான். வெளங்கினா?" என்றான்.

எனக்கு எதுவும் விளங்கவில்லை. பழைய வளையத்தைப் பிடுங்கிய பள்ளம் நிரம்பும் மட்டத்தோடு விட்டிருந்தால் போதும். போதாதோ என்று மேலே இன்னொரு பூச்சுப் பூசினேன். அரை மில்லிமீட்டர் கூடியிருக்கும். காலையில் மெதுவாக விட்டுப் பார்த்தேன். நல்ல பிள்ளையாகக் கைக்கு வந்தது. அம்மாவுக்குத் திருப்தி.

வத்தேகமவில் சுதா வீட்டில் கேசரியும் முறுக்கும் தட்டில் வந்தன. சுதா வந்து கும்பிட்டுவிட்டுக் கதவோரம் நின்றாள். அவளுடைய அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஏதோ யோயோ விடுவீங்களாமே தம்பி. விடுங்க பார்ப்போம்."

எழுந்தேன். பெரியவர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தக் கூடாது என்று மரியாதையாகக் குனிந்து நின்றேன். பதற்றத்தில் முழுப் பலத்தோடு கீழே வீசினேன்.

போனதை நான் பார்க்கவில்லை. வந்ததைத்தான் பார்த்தேன், அதுவும் மிகக் கிட்டத்தில். கையைத் திருப்ப நேரமில்லை. குனிந்திருந்த வாயில் அலுமினியம் வந்து இடித்தது. 'டொக்'. என் மேல்வரிசை முன்பல் ஒன்று பறந்து போய்க் கேசரிக்குள் விழுந்தது. கஜுப் பருப்பு எது பல் எது என்று தெரியாமல் அதன் பிறகு தட்டில் யாரும் கை வைக்கவில்லை.

"ஐயோ, ரத்தம்! வாடா போவோம்" என்று அம்மா எழுந்துவிட்டார். சுதா அழத் தொடங்கினாள். எனக்கு வலி ஒரு பக்கம். கொழும்புக்காரன் புதுச் சட்டையோடு கண்ணுக்குள் வந்து நின்றது மறு பக்கம். அன்றைக்கு நான் உண்மையாகவே உடைந்து போனேன்.

அவளுடைய அப்பா மட்டும் எழவில்லை. தரையில் கிடந்த யோயோவை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டு, இடுக்கை வெளிச்சத்தில் பார்த்தார்.

"பேக்கிங் தடிப்பு. நூலு ஓட எடமில்ல. யாரு இப்பிடிப் பூசினது?"

"நாந்தான்" என்றேன். பல் போன இடத்தால் காற்று வந்தது.

"எதுக்கு?"

"அம்மா சொன்னாங்க... போனா திரும்பி வரணும்னு."

அவர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"அம்மா பேச்சத் தட்டமாட்டான். பிழைய ஒளிக்காம ஒத்துக்கிறான். செய்ற பிழையும் அவன் தலையிலதான் விழுகுது. ஒனக்கு ஆபத்தில்ல புள்ள. கட்டிக்க."

மூன்றாவது வாரமே முகூர்த்தம் வைத்தார்கள். வீக்கம் வற்றிப் புதுப்பல் வைக்க இரண்டு மாதம் ஆகும் என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே கல்யாண அல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் வாயை இறுக மூடிக்கொண்டு, பிடித்து வந்து உட்கார வைத்த ஆள் மாதிரி இருக்கிறேன். புரட்டிப் பார்க்கிறவர்கள் மெதுவாகக் கேட்பார்கள்: "ஏன், மாப்பிள்ளைக்கு விருப்பமில்லையா?"

சுதா அல்பத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள்.

"விருப்பமெல்லாம் இருந்துச்சு. பல்லுதான் இல்ல."