நாங்கள் போட்ட நாற்பது இலை

இருபத்து மூன்று வயது வரை வாழையிலைக்கு ஒரே ஒரு பக்கம்தான் உண்டு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அது நான் உட்கார்ந்திருக்கும் பக்கம். இலை எனக்கு முன்னால் வந்து விழும், யாரோ பரிமாறுவார்கள், நான் சாப்பிடுவேன், எழுந்து போய்விடுவேன். மலேசியாவில் எங்கள் கிள்ளான் ஊரில் நாலு பேர் என்னைக் கெட்டிக்காரி என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு லோரி கம்பெனி. ஒரு பழைய லோரியைத் தானே ஓட்டித் தொடங்கியவர். தான் பட்ட கஷ்டத்தின் நிழல்கூடப் பிள்ளைகள் மேல் விழக்கூடாது என்று என்னையும் தங்கை மாலினியையும் பொத்திப் பொத்தி வளர்த்தார். பார்ப்பவர்களிடமெல்லாம் "என் வீட்டு இளவரசிங்க" என்றுதான் அறிமுகப்படுத்துவார். (கிரீடம் ஒன்றுதான் வாங்கித் தரவில்லை.) எங்கே போனாலும் காரும் டிரைவர் அங்கிளும் கூடவே வரும். ரயில் ஏறியதில்லை. ரோட்டோரக் கடையில் சாப்பிட்டதில்லை. விசேஷ வீடுகளில் நாங்கள் ஒரு டம்ளரைத் தூக்கினாலும் யாராவது ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் பினாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். டிரைவர் அங்கிளும் அவர்களோடு போய்விட்டார். கார் வாசலைத் தாண்டியதும் மாலினி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ட்ரெய்ன்ல பிரிக்ஃபீல்ட்ஸ் போவோமா?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சாதானே."

மாலை கோலாலம்பூர் ரயிலில் ஏறினோம். முதல் பத்து நிமிடம் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள் என்று நின்றபடியே காத்திருந்தோம். ஒருவரும் அசையவில்லை. அதுவே எங்களுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முதல் தடவையாக எங்களை யாருக்கும் தெரியவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை, பாட்டுக் கடை எல்லாம் சுற்றிவிட்டுப் பசியோடு ஒரு சந்துக்குள் நுழைந்தோம். ஃபிளாட்டுக்குக் கீழே, கார் நிறுத்தும் இடத்தில் பெரிய டெண்ட் போட்டிருந்தார்கள். உள்ளே நீள நீள மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், சாம்பார் வாசனை. ரோட்டோரக் கடை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்து உட்கார்ந்தோம். கலர் விளக்கு தொங்கியது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. நல்ல சுத்தமான கடை என்று மாலினி பாராட்டினாள்.

பட்டுச்சேலை கட்டிய ஆன்டி ஒருவர் வேகமாகப் போனார். பரோட்டாவும் டீயும் சொல்லலாம் என்று நான் கையைத் தூக்கினேன்.

"ஆன்டி, ரெண்டு ரொட்டி சானாய், ரெண்டு தே தாரேக். ஒன்னு சீனி கொறைச்சு."

அவர் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளை வீடாம்மா நீங்க?"

"இல்ல ஆன்டி. கஸ்டமர்."

அது அவருடைய மகள் ஷாமினிக்குப் பரிசம் போடும் நாள். விஷயம் புரிந்ததும் எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. ஆன்டியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வந்தது வந்துட்டீங்க, சாப்பிட்டுட்டுப் போங்கம்மா" என்றார். அந்த நேரம் அவருக்கு ஃபோன் வந்தது. பரிமாற வேண்டியவர்கள் ஹைவே ஜாமில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் வந்து, டெண்டின் கோடியில் இருந்த மேடையைப் பார்த்தபடி ஒரே பக்கமாக வரிசையாக உட்கார ஆரம்பித்திருந்தார்கள். ஆன்டியின் சிரிப்பு அப்படியே போய்விட்டது.

"நாங்க பரிமாறுறோம் ஆன்டி" என்றேன்.

"பழக்கம் இருக்காம்மா?"

"வாழையிலைதானே ஆன்டி, சின்ன வயசிலிருந்து பார்த்துட்டுத்தான் வரோம்." (பார்த்தது உண்மை.)

மாப்பிள்ளை வீட்டாருக்கென்று தனியாகச் சொல்லி வரவழைத்த நுனி இலைகள் நாற்பது இருந்தன. நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனேன். நுனி இடது பக்கம், உப்பு இடது ஓரம். மறக்கவில்லை, பிசகவில்லை. மாலினி பின்னாலேயே உப்பு, ஊறுகாய், வாழைக்காய் வறுவல், கத்தரிக்காய்ப் பிரட்டல் என்று அடுக்கிக்கொண்டே வந்தாள். எதிரே இருந்தவர்கள் செல்ஃபி எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். நாற்பதாவது இலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலையை முழுசாக முடித்த பெருமை எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

மாப்பிள்ளையின் அத்தைதான் முதலில் குனிந்து பார்த்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இது யார் வீட்டுக் கருமாதி?"

இடது பக்கம் என்று நான் நினைத்ததெல்லாம் என்னுடைய இடது பக்கம். எதிரே உட்கார்ந்தவர்களுக்கு அத்தனை நுனியும் வலது பக்கம் இருந்தது. எழவு வீட்டில் போடுவதுபோல, நாற்பது பேருக்கும்.

ஆன்டியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான் சம்பந்தி, அவசரத்துல திருப்பிப் போட்டுட்டாங்க" என்றார்.

"நல்ல காரியத்துக்கு இப்படித்தான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்களா? இந்த வீட்டுப் பொண்ணத்தான் நாங்க எடுக்கணுமா?" என்றார் அத்தை.

மேடையில் ஷாமினி மாலையோடு எழுந்து நின்றாள். அவள் உதடு துடித்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அத்தையைப் பார்த்து என் வாய் என்னை அறியாமல் திறந்துகொண்டது.

"ஆன்டி, இவங்களுக்கு நாங்க யாருமே இல்ல. கடைன்னு நெனச்சு வந்து உக்காந்தோம். எனக்கு இலை முன்னால உக்காரத்தான் தெரியும். இதுவரைக்கும் ஒரு இலை போட்டதில்ல. தப்பு என்னோடது, பொண்ணு வீட்டுது இல்ல."

"கடையா?" என்று யாரோ கேட்டார்கள். அத்தை இளகவில்லை. "போட்டது போட்டதுதான். இனி திருப்பி வெச்சா சரியாயிருமா?"

வேறு இலையும் இல்லை. ஆன்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்போதுதான் கையில் வறுவல் வாளியோடு என் தங்கை அத்தையிடம் வாயைத் திறந்தாள்.

"ஆன்டி, இலை சரியாத்தான் இருக்கு. நீங்கதான் தப்பான பக்கம் உக்காந்திருக்கீங்க."

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. மாலினி விடவில்லை. "இந்தப் பக்கம் வந்து பாருங்களேன். இலையத் தொடவே வேணாம், திருப்பவும் வேணாம்."

அத்தை மேசையைச் சுற்றி எங்கள் பக்கம் வந்தார். ஒரு இலையைப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். உப்பு எங்கே, வறுவல் எங்கே என்று கடைசி இலை வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு, மனமில்லாமல் சொன்னார்: "இங்கேருந்து சரியாத்தான்லா இருக்கு."

மேடையிலிருந்த மாப்பிள்ளை முதலில் சிரித்தார். அப்புறம் நாற்பது பேரும் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான். பரவாயில்லை, அத்தை இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு தட்டு மாற்றினார்கள்.

பரிசத்தில் அத்தனை பேர் முதுகும் தெரிகிற ஃபோட்டோ வேறு எங்கும் இருக்காது. அதனால் அது எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் போனது. ஓரத்தில் நானும் வாளியோடு மாலினியும் தெளிவாக நின்றோம். மறுநாள் காலையிலேயே அது பினாங்கில் அப்பாவை எட்டிவிட்டது. ஃபோன் வந்தது. நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் இலைக் கணக்கைத்தான் முதலில் கேட்டார்.

"எத்தனை இலை போட்ட?"

"நாப்பதுப்பா."

"நாப்பதுமே தப்பா?"

"நாப்பதுமே."

"ஒன்னுகூட மாறலையா?"

"இல்லப்பா. எல்லாம் ஒரே மாதிரி."

"பரவாயில்ல" என்றார் அப்பா. "செய்ற வேலையில ஒழுங்கு இருக்கு."

அன்று அவர் குரலில் இருந்த பெருமை, நான் பட்டம் வாங்கிய நாளில்கூட இருந்ததில்லை. அதற்கப்புறம் ரயிலுக்குத் தடையில்லை. வீட்டு விசேஷங்களில் எங்கள் கையிலிருந்து யாரும் டம்ளரைப் பிடுங்குவதும் இல்லை. எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியம் கோணலாகப் போனாலும், "நாற்காலியத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள்.

போன வருஷம் மாலினிக்குக் கல்யாணம். ஷாமினி கணவனோடும் பிள்ளையோடும் வந்திருந்தாள், கூடவே அந்த அத்தையும். முதல் பந்தியில் இலைக்கட்டோடு நான் நின்றேன். அத்தை நாற்காலியைக் கையில் பிடித்தபடி உட்காராமல் என்னைப் பார்த்தார்.

"மொதல்ல போடும்மா. நான் பார்த்துட்டு உக்கார்றேன்."

போட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, நாற்காலியை நகர்த்தாமல் அவர் நின்ற பக்கமே உட்கார்ந்தார்.