எனக்காக நின்ற பஸ்கள்

பேரன்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே இரண்டு முழங்கால்களும் ஒரு கட்டைவிரல் நகமும் நீங்கலாக நான் முழு நலம். அங்கே உங்கள் சர்க்கரையும் அக்காவின் இடுப்பு வலியும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஓடிய அரை மாரத்தானைப் பற்றி உங்கள் தங்கை போனில் சொல்லியிருப்பாள். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள் என்பதால் பாதி உங்களுக்குப் புரிந்திருக்காது. மீதிப் பாதியை நீங்கள் அப்படியே நம்பிவிடக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

போன வருஷம் இதய அடைப்புக்கு நெஞ்சில் குழாய் வைத்ததிலிருந்து இந்த வீட்டில் என்னை யாரும் முழு ஆளாக நடத்துவதில்லை. இனி எல்லாம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். உங்கள் தங்கை அவரை நம்பவில்லை. ஸ்கூட்டர் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, இந்த வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, தினமும் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் என் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வரும்வரை எங்கேயும் போகக் கூடாது என்று வாடிக்கையாளர்கள் காதில் விழச் சொல்லிவிட்டுப் போவாள். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் எழுத்துப் பலகையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சாவிக்காகத்தான் மச்சான் ஓடினேன். இருபத்தொரு கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் சாவி எனக்கு என்று அவளே ஒப்புக்கொண்டாள். நீங்களும் பெரிய மனது பண்ணி ஷூ அனுப்பினீர்கள்.

பயிற்சியில் ஒரு குறையும் வைக்கவில்லை. என்னைத் தனியாக விடமாட்டாள் என்பதால் விடிந்ததும் அவள் ஸ்கூட்டரில் மெதுவாக வர, நான் பக்கத்தில் ஓடுவேன். வண்டியில் ஏறினால்தான் உங்கள் தங்கைக்குக் குடும்ப விஷயங்கள் எல்லாம் ஞாபகம் வரும். மாடி வீட்டுக்காரரின் ஒழுகும் குழாயில் ஆரம்பித்து, உங்கள் வீட்டுச் சமையலறைக்கு நீங்கள் அடித்த பச்சைப் பெயின்ட் வரைக்கும் பேசுவாள். காற்றில் பாதிப் பேச்சு காதில் விழாது, விழவில்லை என்று தெரிந்தால் கோபம் வரும். ஆகவே வண்டியின் பின்கம்பியில் ஒரு கையை வைத்து, கழுத்தை முன்னால் நீட்டி, ‘ம்’ கொட்டிக்கொண்டே ஓடுவேன். வாரத்துக்கு வாரம் வேகம் கூடியது. மேட்டில்கூட மூச்சு வாங்கவில்லை. டாக்டர் என்ன வைத்தாரோ, நல்ல சாமானாகத்தான் வைத்திருக்கிறார் என்று நானே என் நெஞ்சைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

அன்று காலை மைதானத்தில் பெருங்கூட்டம். என்னைவிட மூத்த ஓர் அம்மாள் எதையும் பிடிக்காமல், நின்றபடியே குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார். அதற்கே அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. துப்பாக்கி வெடித்ததும் ஆயிரக்கணக்கான கால்கள் ஒன்றாகக் கிளம்பிய சத்தத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரும் துரத்தாமலே இத்தனை பேர் ஓடுகிறார்களே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே ஓடினேன். முதல் மேடு வந்தது. என் வலது கை தானாக முன்னால் நீண்டது. அங்கே கம்பி இல்லை. அந்த இடத்தில்தான் மச்சான் எனக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை மாதமாக நான் ஓடியது பெட்ரோலில்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக என்னைத் தாண்டினார்கள், அந்த அம்மாள் உட்பட. கடைசியில் எனக்குப் பின்னால் ஒரு லாரி மட்டும்தான் மிஞ்சியது. சாலையை மறித்து வைத்திருந்த கூம்புகளை எடுத்துப் போட்டுக்கொண்டு வரும் லாரி அது. நான் ஒரு தெருவைத் தாண்டினால் அந்தத் தெரு திறக்கும். அதாவது ஊர்ப் போக்குவரத்து முழுவதும் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றது. திருப்பத்துக்குத் திருப்பம், ஏறிக்கொள்கிறீர்களா என்று லாரிக்காரர் தன்மையாகக் கேட்டார். முன்னால் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காலிச் சாலை. குறுக்குத் தெருக்களில் போலீஸ்காரர் கையைக் காட்ட, பஸ்கள் வரிசையாக நின்றன. வாழ்நாளெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியவன் நான். எனக்காக ஒரு பஸ்கூட நின்றதில்லை. அன்றைக்கு ஏழெட்டு பஸ்கள் நின்றன. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் திட்டவில்லை, கைதட்டினார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு பிரமிப்பு வந்து வெட்கத்தை ஓரமாகத் தள்ளியது. உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது, யாரும் இழுக்காமல், தானாகவே. இனி இது எதற்கும் உதவாது என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் நான் அழுதேனே, அதே நெஞ்சுதான். எனக்கு அதன்மேல் மரியாதை வந்துவிட்டது.

மூன்று மணி நேரம் முடிந்தும் என்னைக் காணாமல் உங்கள் தங்கை முடிவுக் கோட்டிலிருந்து என்னைத் தேடி நடந்தே வந்துவிட்டாள். பிடித்து லாரியில் ஏற்றப்போகிறாள் என்று பயந்தேன். என்னைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள், பிறகு அந்தச் சாலையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இவ்வளவு ரோடும் உங்களுக்கா?” என்றாள்.

ஆமாம் என்றேன். கைப்பையை லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டு, செருப்புக் காலோடு என் பக்கத்தில் ஓட ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள் மச்சான். அவளுக்கு மூச்சே வாங்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முடிவுக் கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டிய பெட்டியைப் பிரித்து எனக்கு ஒரு பதக்கம் எடுத்துக் கொடுத்தார்கள்.

மூன்று நாளாக வாசல்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன். கடைக்கு வருகிறவர்கள் எத்தனாவது வந்தீர்கள் என்று கேட்கிறார்கள்; முதல் வரியைப் படியுங்கள் என்று எழுத்துப் பலகையைக் காட்டிவிடுகிறேன். பந்தயத்தில் தோற்றுவிட்டேன், சாவி போனது போனதுதான். இனி ஓடுவதாக இல்லை. ஷூவைத் துடைத்துத் திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் ஒரு நடை வந்து, கடை வரைக்குமாவது வண்டி ஓட்ட விடச் சொல்லி அவளிடம் எனக்காகப் பேச வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், என்னைவிட வேகமாக, நீண்ட காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். ஷூவும் வராது. உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் தங்கை வந்து சாவியை மேசைமேல் வைத்தாள். தோற்றவனுக்கு எதற்கு என்று கேட்டேன். அடுத்த வருஷம் அவள் ஓடப்போகிறாளாம், நாளைக் காலையிலேயே பயிற்சியாம், கூட வண்டி ஓட்டிக்கொண்டு வர ஆள் வேண்டுமாம். அவள் கால் அளவுக்கு ஒரு ஜோடி அனுப்பி வையுங்கள். மெதுவாகத்தான் ஓட்டுவேன், பயப்படாதே என்று அவளிடம் சொன்னேன்.

“எனக்கென்னங்க பயம்?” என்றாள். “உங்களுக்குத்தான் இனிமே ஒண்ணும் ஆகாதே.”