தின்கோ தயாரித்த கடல்

தின்கோ கார் டிக்கியைத் திறந்தான். நேற்று நடுக்கடலில் தண்ணீர் பிடித்துவந்த பெரிய கேன் குப்புறக் கிடந்தது. பாதித் தண்ணீர் ஸ்டெப்னிக்கு அடியில் தளும்பிக்கொண்டிருந்தது.

கடல் ஆய்வு நிலையத்தில் தின்கோ தற்காலிக உதவியாளன். வேலை நிரந்தரமாக ஒரே ஒரு சிபாரிசு பாக்கி. அதைச் செய்ய வேண்டிய பேராசிரியர் பெலான்தான் அந்தத் தண்ணீரைக் கேட்டிருந்தார். "ஆழத்துலேருந்து எடுக்கணும்ப்பா. கரைத் தண்ணி ஒரு சொட்டு கலக்கக் கூடாது. என் மானமே அதுல இருக்கு" என்று சொல்லியிருந்தார். மத்தியானம் அதை வாங்கிக்கொள்ள வீட்டுக்கே வருகிறார்.

மறுபடி போய் எடுக்கலாம் என்றால் காற்று விடவில்லை. மலையிலிருந்து அது இறங்கி அடிக்கிற நாளில் டால்மேஷியக் கரையில் எவனும் படகை அவிழ்க்க மாட்டான்.

தின்கோ படகுத்துறைக்கு ஓடி, வாளியில் மொண்டுவந்து கேனை நிரப்பினான். லிட்டருக்கு முப்பத்தெட்டு கிராம் என்று காட்ட வேண்டிய உப்பு மீட்டர் இருபத்தொன்பதில் நின்றுவிட்டது. துறைக்கு அடியில் நன்னீர் ஊற்று பொங்குவது ஊருக்கே தெரியும். கோடையில் தர்ப்பூசணியைக் குளிரவைக்க எல்லாரும் அங்கேதான் போவார்கள். அவசரத்தில் அவனுக்கு மட்டும் மறந்துவிட்டது.

சமையலறை உப்பு ஜாடியைக் கவிழ்த்தான். முப்பத்தெட்டு வந்தது. மனைவி நெவென்காவும் வந்தாள்.

"என்ன பண்ற?"

"கடல் பண்றேன்."

"உப்பு போட்டா கடலாயிடுமா? அது சூப்." நெவென்கா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "கடல்ல சோடியமும் குளோரைடும் மட்டுமா இருக்கு? மக்னீசியம், சல்ஃபேட், கால்சியம், பொட்டாசியம்னு ஒரு குடும்பமே இருக்கு. எந்தக் கடலா இருந்தாலும் மொத்த உப்பு கூடும், குறையும். ஒண்ணுக்கொண்ணு இருக்கிற பங்கு மட்டும் மாறாது. நீ படிச்சதுதானே?"

"பரீட்சைக்குப் படிச்சேன். அவர் கண்டுபிடிச்சுடுவாரா?"

"பங்கைப் பார்த்தாலே உன் குட்டு வெளிப்பட்டுடும்."

தின்கோவின் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. கடையிலிருந்து இரண்டு பொட்டலம் பேதியுப்பு கொண்டுவந்தாள்.

"மக்னீசியமும் சல்ஃபேட்டும் இதுலயே இருக்கு. வயிறு கட்டிக்கிட்டவங்களுக்கு ஒரு ஸ்பூன்தான் தருவோம். பார்த்துப் போடு."

அவள் கால்சியம் தேடி அலமாரிப் பக்கம் திரும்பிய நேரத்தில் அவன் ஒரு பொட்டலத்தை முழுசாகக் கொட்டினான். மீட்டர் ஐம்பதைத் தாண்டியது.

"இதுல மீனை விட்டா நீந்தாது, ஊறுகாயாயிடும்" என்றாள் நெவென்கா.

பதறிப்போய் இரண்டு வாளி வெளியே கொட்டி, குழாய்த் தண்ணீரை ஊற்றினான். முப்பதுக்கு இறங்கியது. வேறு வழி தெரியாமல் இரண்டாவது பொட்டலத்தையும் பிரித்தான். அதில் முக்கால்வாசி போனபிறகு முள் முப்பத்தெட்டுக்கு வந்து நின்றது.

கால்சியத்துக்கு நெஞ்செரிச்சல் மாத்திரையைப் பொடித்துப் போட்டார்கள். கடல் பாலாகிவிட்டது.

"வடிகட்டணும். உன் நைலான் காலுறை எங்கே?"

"அது புதுசு."

"எனக்கு வேலை போகப்போகுது, நெவென்கா."

அவள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக்கொடுத்தாள். நாலு தடவை வடிகட்டியதில் தண்ணீர் தெளிந்தது, காலுறை கிழிந்தது.

"பொட்டாசியம்?" என்று கேட்டபடி தின்கோ பழக்கூடையிலிருந்த வாழைப்பழத்தைப் பார்த்தான்.

"அதைத் தொட்டே, நானே போய் அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

வாசலில் ஹாரன் அடித்தது.

பேராசிரியர் பெலான் கேனை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராதபடி விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"லேசாக் கசக்குதே?"

"ஆழத்துத் தண்ணி சார்" என்றான் தின்கோ.

"அதானே பார்த்தேன். கரைத் தண்ணியில இந்த ருசி வராது." அவன் தோளைத் தட்டினார். "சிபாரிசுக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்ப்பா. நாளைக்கே உங்க டைரக்டரைப் பார்க்கிறேன், நேர்லயே கொடுத்துடறேன்."

அவர் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். தின்கோவுக்குத் தலைகால் புரியவில்லை. கதவுக்குப் பின்னால் நெவென்காவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். ஆனாலும் மனசாட்சி உறுத்தியது. தப்பான தண்ணீரில் ஆராய்ச்சி செய்து அவர் பெயர் கெட்டுப்போனால் என்ன ஆகும்? கேனைத் தூக்க வந்த டிரைவர் ஷிமேயை மெல்ல ஓரங்கட்டினான்.

"அண்ணே, இது எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போகுது?"

"ஆய்வுக்கூடமா? நாளைக்கு ஐயா பொண்ணுக்குக் கல்யாணம் தம்பி, விருந்துல மீன் ஆழ்கடல் தண்ணியிலயே கொதிக்கணும்னு சம்பந்தி ஒத்தக்கால்ல நிக்கிறாரு, அதான் உங்க டைரக்டரு."