பத்துப் பம்புகளும் ஒரு நிச்சயதார்த்தமும்

நியூ லின், ஓக்லாந்து.
திங்கள்.

என் பாசத்துக்கும் இன்றைய தேதியில் பெருங்கோபத்துக்கும் ஒருங்கே உரிய மருமகன் சுலக்ஷனுக்கு,

கிளறன்ஸ் மாமா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் மாமியும் மகள் ஜனுஷாவும் சுகம். கராஜ் கூரைதான் சுகமில்லை. வெலிங்டனில் நீ நலமாயிருப்பாய். அடுத்தவன் வீட்டில் கொள்ளி வைத்தவர்கள் பொதுவாக நலமாகவே இருப்பார்கள்.

என் பிறந்தநாளுக்கு நீ ஒரு பியர் காய்ச்சும் பானை அனுப்பினாய் அல்லவா? அன்று பிடித்தது சனி. ஜனுஷாவின் நிச்சயதார்த்தத்தில் கடைப் போத்தல் ஒன்றுகூட மேசை ஏறாது, எல்லாம் என் கையால் காய்ச்சிய பியர்தான் என்று சம்பந்தியிடம் சபதம் செய்துவிட்டேன். அந்த மனுசன் ஒரு சிரிப்புச் சிரித்தார் பார், மாப்பிள்ளை கிரிஷான் வெட்கத்தில் கதிரைக்குள் புதைந்தே போனான். பியர் புளித்துத் தெளிய மூன்று கிழமை வேண்டும். வருகிற சனிக்கிழமை காய்ச்சாவிட்டால் சம்பந்தி முன்னால் நான் கடைக்குப் போக வேண்டும். அதைவிட நான் நடந்தே பசிபிக் சமுத்திரத்துக்குள் இறங்கிவிடுவேன்.

இதில் ஒரேயொரு சிக்கல். முளைவிட்ட பார்லியான மால்ட் கொதித்த தண்ணீரைப் பானையிலிருந்து பீப்பாய்க்கு மாற்ற வேண்டும். பானையோ ஒரு கன்றுக்குட்டிப் பாரம். என் முதுகுக்கு டொக்டர் தலையணை தூக்கவே அனுமதி தரவில்லை. இதற்கென்றே கைப்பிடியளவில் ஒரு குட்டிப் பம்ப் இருக்கிறதாம். ஆனால் கடைக்காரர் பத்துக்குக் குறைந்தால் அனுப்ப மாட்டார்களாம். ஆகவே பியர் காய்ச்சும் தமிழ்ப் பெருமக்களைத் தேடிப் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். மனைவிமார் கண்ணில் பட்டாலும் பாதகமில்லாமல் அதற்கு ‘யோகாசனம்’ என்று பெயர் வைத்தோம்.

பம்பின் படத்தைப் போட்டதுதான் தாமதம், கிளென்ஃபீல்டில் இருக்கிற ஏரம்பமூர்த்தி அண்ணை குழுவிலேயே போன் கோல் எடுத்தார். “கிளறன்ஸ், இதென்ன மீன்தொட்டிக்குக் காத்தடிக்கிற சாமானோ? ரெண்டு இஞ்ச் குழாய் போகாட்டி அதைப் பம்பெண்டு சொல்லலாமே? நான் ஊரிலை வெங்காயத்துக்குத் தண்ணி இறைச்சனான், எனக்குப் படிப்பிக்காதை!”

“அண்ணை, இது பியருக்கு.”

“பியரும் தண்ணிதானேயடாப்பா!”

மனுரேவாவில் இருக்கிற தனோஜன் உடனே தூபம் போட்டான். “ஓம் அண்ணை, எடுக்கிறது எடுக்கிறம், தோட்டத்துக்கும் உதவிற மாதிரி ஒண்டா எடுப்பம்.” பத்துப் பேரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அதில் என் விரலும் இருந்ததென்று ஒரு வதந்தி உண்டு.

பிறகு பார், எல்லாரும் ‘வீட்டிலை மனிசி ஏசுவா’ என்று சொல்லி என் விலாசத்தையே கொடுத்துவிட்டார்கள், ஏதோ நான் துறவி மாதிரி. லொறி வந்தது. பத்துப் பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு யானைக்குட்டி படுத்திருக்கலாம். உள்ளே பெற்றோல் ஊற்றிக் கயிறிழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற அசல் இறைப்பு மெசின்! மாமி வாசலில் நின்று கேட்டா: “என்னப்பா, கடலை இறைச்சுப் போட்டு மீன் பொறுக்கப் போறியளோ?”

சரி, வந்தது வந்துவிட்டது என்று நேற்றுப் பின்னேரம் கராஜில் வெள்ளோட்டம் விட்டேன். கயிற்றை ஒரு இழுப்புத்தான் இழுத்தனான். அந்தச் சத்தத்தில் நியூ லின் ஸ்டேஷனில் நின்ற ரயில் பின்வாங்கியிருக்கும். பானையில் சோதனைக்கென்று கரைத்து வைத்த மால்ட் தண்ணீர் முழுவதும் கண் இமைக்கும் நேரத்தில் காலி; குழாய் பாம்பு மாதிரி எழும்பி ஆடி, கூரைத் தகட்டைக் கழற்றி, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டுப் பூங்கோதை காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாவற்றையும் தேத்தண்ணி நிறமாக்கிவிட்டது. மெசின் மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது!

பூங்கோதை மதுரைக்காரி. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன அங்கிள், வீட்டுக்குள்ளயே எரிமலை வளக்குறீங்களா?” என்றாள். ஜனுஷா வந்தாள், ‘டாட், சீரியஸ்லி?’ என்றாள், போய்விட்டாள். ஏரம்பமூர்த்தி அண்ணையோ போனில், “பாத்தியோ, நல்ல இழுவை! நான் சொன்னனான்தானே?” என்கிறார். சொல்லு தம்பி, இந்த மனுசனை என்ன செய்யலாம்?

ஆகவே இதுவே என் இறுதிக் கட்டளை. சனிக்கிழமை விடியமுன் ட்ரெயிலரோடு வந்து பத்து யானைகளையும் கொண்டு போ. போகிற வழியில் சம்பந்தி வீட்டில் இறங்கி, மாமா பியர் தொழிலைத் துறந்துவிட்டார், காரணம் முதுகு என்று பக்குவமாகச் சொல்லிவிடு. மகளின் நிச்சயதார்த்தத்தில் தலைகுனிந்து நிற்கப் போகும் இந்தத் தகப்பனுக்காக ஒரு செபம் சொல். நீ நீடூழி வாழ்க. பானைகள் அனுப்பாமல் வாழ்க.

இப்படிக்கு,
ஈரம் காயாத
கிளறன்ஸ் மாமா

பி.கு.: கடிதத்தை மடிக்கையில் மாமி வந்தா. “பானைக்கு அடியிலை திருகித் திறக்கிற பைப் ஒண்டு கிடக்கே, அது சும்மா வடிவுக்கோ? அடுப்பை மேசையிலை வைச்சுக் காய்ச்சி, பீப்பாவை நிலத்திலை வைச்சுத் திறந்து விட்டா தன்பாட்டிலை இறங்கும்தானே?” என்றா. பச்சைத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். இறங்குகிறது. சனிக்கிழமை காய்ச்சுகிறேன், சம்பந்தியிடம் ஒரு சொல்லும் விடாதே, ட்ரெயிலரும் வேண்டாம், யானைகள் கராஜிலேயே கிடக்கட்டும். இந்த அரிய கண்டுபிடிப்பை என் பெயரில் ‘யோகாசன’த்தில் போட்டுவிட்டேன். எல்லாருக்கும் இப்போது உறுதியான இரும்பு மேசை வேண்டுமாம். பத்தாக எடுத்தால்தான் அனுப்புவார்களாம். என்னிடம் மேசை இருக்கிறது, மற்ற ஒன்பது பேரும் சேர்ந்தாயிற்று. பத்தாவதாக உன் பெயரைப் போட்டிருக்கிறேன்.