கண் டெஸ்டில் நான் ஃபெயிலான கதை

அரைகுறையாகக் கற்றவனுக்குத்தான் சத்தம் அதிகம். எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது என் சத்தம் சானடோரியம் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். (வெள்ளைக் கோட்டு வேறு. யாராவது "டாக்டர்" என்றால் மறுத்ததே இல்லை.)

பரிசோதனை அறை பத்தடிதான். படிக்க வேண்டிய எழுத்து அட்டையோ இருபதடி தள்ளி இருக்க வேண்டும். அதனால் அட்டையை நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டி, எதிரே நிலைக்கண்ணாடி வைத்திருந்தோம். வருபவர்கள் கண்ணாடியில் பார்த்துப் படிப்பார்கள்; பத்தும் பத்தும் இருபது.

ஒருநாள் டெய்சி டீச்சர் தன் ஆறு வயது மகள் ஸ்டெல்லாவை அழைத்து வந்தார். ஆட்டிசம் என்ற சொல்லை அன்று எங்கள் பக்கம் யாரும் கேட்டதில்லை. "ஒரு மாதிரிக் குழந்தை" என்பார்கள், அவ்வளவுதான்.

"சார், இவ பேச மாட்டா. யாரையும் நிமிர்ந்தும் பார்க்க மாட்டா. கண்ணு தெரியலைன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. கண்ணு நல்லாருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்தாத்தான் ஒண்ணாங்கிளாஸ்ல சேர்த்துப்பாங்க."

பேசாத பிள்ளைக்கென்றே என்னிடம் ஓர் அட்டை இருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நானே பொறுக்கி வந்தது. 'E' என்ற எழுத்து மட்டும் நாலு திசையிலும் திரும்பித் திரும்பி இருக்கும். பிள்ளை கையில் ஓர் 'E' அட்டையைக் கொடுத்தால், பார்த்தபடி திருப்பிக் காட்ட வேண்டும்.

சந்தை அட்டையைப் பின்சுவரில் மாட்டினேன். ஸ்டெல்லா காட்டினாள். மேல், கீழ் எல்லாம் சரி. வலம், இடம் அத்தனையும் தப்பு. மேல்வரிசையில் பூசணிக்காய் சைஸில் இருந்த எழுத்துகூடத் தப்பு! அவள் கையிலிருந்த அட்டையை நான் சரியாகத் திருப்பி வைத்தேன். அவள் பழையபடி திருப்பினாள். மறுபடி நான். மறுபடி அவள். ஐந்தாவது தடவை என் விரலைக் கடித்துவிட்டாள்.

"பார்வை ரொம்ப மோசம்மா" என்று தீர்ப்புச் சொல்லிப் பேனாவைத் திறந்தேன்.

டீச்சர் அழவில்லை. "எழுந்திரு கண்ணு. சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். பின்சுவருக்குப் போய்க் குச்சியால் ஓர் எழுத்தைத் தொட்டார். "இது எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்" என்று மனப்பாடமாகச் சொன்னேன்.

"கண்ணாடியைப் பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தேன். இடப்பக்கம்.

கடையின் பழைய அட்டை, கண்ணாடிக்கென்றே இடவலம் மாற்றி அச்சடித்தது. சந்தை அட்டைக்கு அந்த ஞானம் கிடையாது. எனக்கும்தான்.

"என் கிளாஸ்ல நான் தப்பாத் திருத்தினாலும் பசங்க அப்படியே மாத்தி எழுதிடுவாங்க சார். இவ மாட்டா" என்றார் டீச்சர்.

வெட்கமாக இருந்தது. அவள் மட்டும் சமர்த்துப் பிள்ளையாக இருந்திருந்தால், நான் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். கடிபட்ட விரலாலேயே "பார்வை நன்றாக உள்ளது" என்று எழுதிக் கொடுத்தேன். பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள்.

கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கும் ஆட்டோவில் நான் "லெஃப்ட்ல போப்பா" என்றால் போதும், அவள் முன்னால் குனிந்து சொல்வாள்: "தம்பி, சார் கண்ணாடில பார்த்துச் சொல்றாரு. நீ ரைட்ல போ."